16 உறுப்புப் புலத்தில் விடுபட்ட வடிவம்: மாணவர் திட்டப்பணி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரில் தொடக்கக்கல்லூரி இரண்டாம் ஆண்டில் பயின்ற ஒரு மாணவியும் ஒரு மாணவரும் மேற்கொண்ட கணிதத் திட்டப்பணியை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. பிழைதிருத்தக் குறியீடுகள் (தரவு அனுப்பும்போது நேரும் பிழைகளைக் கண்டு திருத்த உதவும் குறியீட்டு முறைகள்) தொடர்பான மென்பொருள் துறையில் நெடுங்காலம் பணியாற்றும் தமிழர் ஒருவர் அவர்களுக்கு வழிகாட்டினார். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்தில் சனிக்கிழமைகளில் நடந்த சந்திப்புகளை ஒருங்கிணைத்தவன் என்ற முறையில் நான் உடனிருந்தேன். மூவரின் இசைவோடும், அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியும் இது எழுதப்படுகிறது.

எடுத்துக்கொண்ட பொருள், முடிவுறு புலங்களின் மீது கட்டப்படும் வீழ்ப்புத் தளங்களில் எந்த மூன்றும் ஒரே கோட்டில் அமையாத புள்ளிக் கணங்கள். முடிவுறு புலம் என்பது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் செய்யக்கூடிய, குறிப்பிட்ட எண்ணிக்கை உறுப்புகளே கொண்ட தொகுதி. வீழ்ப்புத் தளம் என்பது எந்த இரு கோடுகளும் ஒரு புள்ளியில் சந்திக்கும் தளம். புலத்தில் 16 உறுப்புகள் இருந்தால், அதன் மீது அமையும் தளத்தில் 273 புள்ளிகளும் 273 கோடுகளும் இருக்கும். ஒவ்வொரு கோட்டிலும் 17 புள்ளிகள். அப்படிப்பட்ட தளத்தில், மூன்று புள்ளிகள்கூட ஒரு கோட்டில் விழாதபடி அதிகபட்சம் எத்தனை புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதே தொடக்கக் கேள்வி.

புலத்தின் உறுப்பு எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அந்த எண்ணுடன் ஒன்றைக் கூட்டியதே உச்சவரம்பு என்று போஸ் 1947இல் காட்டினார். அந்த வரம்பைத் தொடும் ஒவ்வொரு கணமும் ஒரு கூம்பு வளைவே, அதாவது ஓர் இருபடிச் சமன்பாட்டின் தீர்வுக் கணமே, என்று பெனியாமினோ செக்ரே 1955இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார். கோட்டில் மூன்று விழக்கூடாது என்ற வெறும் சேர்க்கை நிபந்தனையிலிருந்து ஓர் இயற்கணிதச் சமன்பாடு தானாக வெளிப்படுகிறது என்பது, முதன்முறை படிப்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும் உண்மை. மாணவர்கள் இருவரையும் இந்தத் தலைப்புக்குள் இழுத்து வந்ததும் அதுதான்.

உறுப்பு எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்போது நிலைமை வேறு. கூம்பு வளைவு ஒன்றின் தொடுகோடுகள் அனைத்தும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. அதை உட்கரு என்பார்கள். அந்தப் புள்ளியையும் வளைவோடு சேர்த்துக்கொண்டால், இன்னும் ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கிறது. 16 உறுப்புப் புலத்தில் 17 என்பது 18 ஆகிறது. இத்தகைய உச்சக் கணமே ஹைப்பர் ஓவல். கணத்தின் ஒரு புள்ளி வழியாக 17 கோடுகள் செல்கின்றன, மீதிப் புள்ளிகளும் 17 என்பதால், ஒவ்வொரு கோடும் சரியாக இன்னொரு புள்ளியைச் சந்தித்தாக வேண்டும். ஆகவே தளத்தின் எந்தக் கோடும் ஹைப்பர் ஓவலை இரண்டு புள்ளிகளில் வெட்டும் அல்லது தொடவே தொடாது. கூம்பு வளைவும் உட்கருவும் சேர்ந்து உருவாகும் ஹைப்பர் ஓவலை இங்கே ஒழுங்கானது என்று குறிப்பிடுகிறேன். இரட்டைப்படைப் புலங்களில் ஒழுங்கற்ற ஹைப்பர் ஓவல்களும் உண்டா, உண்டென்றால் எந்தத் தளத்தில் அவை முதலில் தோன்றுகின்றன என்பதே திட்டப்பணியின் கேள்வியாக வரையறுக்கப்பட்டது.

பல்லுறுப்புக்கோவை வழி

இந்தக் கேள்வியைக் கணினிக்குப் புரியும் வடிவத்திற்குக் கொண்டுவர ஒரு செவ்விய வழி இருக்கிறது. ஆயத்தொலைவுகளைத் தக்கபடி தேர்ந்தெடுத்தால், எந்த ஹைப்பர் ஓவலையும் (1, க, ப(க)) என்ற புள்ளிகளாகவும், அவற்றோடு (0, 1, 0), (0, 0, 1) என்ற இரு புள்ளிகளாகவும் எழுதலாம். இங்கே க என்பது புலத்தின் எல்லா உறுப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. ப(க) ஒரு பல்லுறுப்புக்கோவை. எந்த மூன்று புள்ளிகளும் ஒரு கோட்டில் இல்லை என்பதன் பொருள், ப ஒரு வரிசைமாற்றம் (வெவ்வேறு க-வுக்கு வெவ்வேறு மதிப்புத் தருவது) என்பதும், ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மற்றப் புள்ளிகளுக்கு வரையும் கோடுகளின் சாய்வுகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை என்பதும் ஆகும். ப(க) = க² எனக் கொண்டால் ஒழுங்கான ஹைப்பர் ஓவல் கிடைக்கிறது.

மாணவர்கள் பைத்தானில் முதலில் எழுதியது புலத்தின் பெருக்கல் அட்டவணை. 16 என்ற எண்ணை மட்டாகக் கொண்டு, அதாவது 16ஆல் வகுத்து வரும் மீதியை மட்டும் எடுத்து, பெருக்கினால் நான்கும் நான்கும் பெருகிச் சுழியாகிவிடும். அது புலமே அன்று. வ⁴ = வ + 1 என்ற விதியுடன் கூடிய ஓர் உறுப்பு வ-வின் அடுக்குகளாகவே சுழியற்ற 15 உறுப்புகளையும் எழுத வேண்டும் என்பதை வழிகாட்டி முதல் சந்திப்பிலேயே விளக்கிவிட்டதால், அந்தக் கட்டம் சிக்கலின்றி முடிந்தது.

அடுத்த முடிவுதான் இந்த நிகழ்வின் மையம். பல்லுறுப்புக்கோவைகளின் எண்ணிக்கை மிகப் பெரிது என்பதால், ஓருறுப்புக்கோவைகளை மட்டும், அதாவது க², க³ போன்ற தனி அடுக்குகளை மட்டும் சோதிப்பதென்று மாணவர்கள் தீர்மானித்தார்கள். தீர்மானம் நியாயமானதே. ஜூன் விடுமுறைக்குள் முதல் வரைவை முடிக்க வேண்டியிருந்தது. ஆண்டிறுதியில் ஏ நிலைத் தேர்வு காத்திருந்தது. மேலும், அறியப்பட்ட ஒழுங்கற்ற ஹைப்பர் ஓவல்களில் பல ஓருறுப்புக்கோவைகளிலிருந்தே பிறக்கின்றன என்பதும் உண்மை.

கவனிக்கப்பட்டவை

நிரல் சில நொடிகளில் விடை தந்தது. 8 உறுப்புப் புலத்தில் தேறிய அடுக்குகள் 2, 4, 6. 16 உறுப்புப் புலத்தில் 2, 8, 14. 32 உறுப்புப் புலத்தில் 2, 4, 6, 8, 10, 16, 22, 24, 26, 28, 30 என்ற பதினொன்று.

இவற்றை வகைப்படுத்துவதில் மாணவி காட்டிய நிதானம் குறிப்பிடத்தக்கது. 16 உறுப்புப் புலத்தில் எட்டாம் அடுக்கு என்பது வர்க்கமூலம். (க, க²) என்ற புள்ளிகளின் ஆயங்களை இடம் மாற்றினால் அதுவே கிடைக்கிறது. பதினான்காம் அடுக்கு என்பது தலைகீழி. அது ஓர் அதிபரவளைவு, அதுவும் கூம்பு வளைவே. ஆகவே மூன்றும் ஒரே ஒழுங்கான ஹைப்பர் ஓவலின் மூன்று தோற்றங்கள். 32 உறுப்புப் புலத்தின் பதினோரு அடுக்குகள் மூன்று குடும்பங்களாகப் பிரிகின்றன: 2, 16, 30 ஒழுங்கானது, 4, 8, 10, 22, 24, 28 இரண்டாவது, 6, 26 மூன்றாவது. பின்னவை இரண்டும் ஒழுங்கற்றவை. இந்தப் பிரிவினை முழுவதையும் அவர் நிரலின் உதவியின்றித் தாளில் செய்து முடித்தார். அதில் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை.

இந்த அட்டவணையிலிருந்து வரைவறிக்கையின் முடிவுரை எழுதப்பட்டது. 8 மற்றும் 16 உறுப்புப் புலங்களின் தளங்களில் எல்லா ஹைப்பர் ஓவல்களும் ஒழுங்கானவை, ஒழுங்கற்றவை 32 உறுப்புப் புலத்தில்தான் முதலில் தோன்றுகின்றன, அங்கே மொத்தம் மூன்று வகைகள் உள்ளன என்பது அதன் சாரம்.

வழிகாட்டி வரைவைப் படித்துவிட்டு அந்த முடிவுரையின் அருகில் ஒரு கோடு மட்டும் இழுத்து, "அட்டவணையில் சோதித்தது எதை, இங்கே சொல்லியிருப்பது எதைப் பற்றி?" என்று கேட்டார். சோதிக்கப்பட்டவை ஓருறுப்புக்கோவைகள். சொல்லப்பட்டதோ எல்லா ஹைப்பர் ஓவல்களைப் பற்றியும்.

இந்த இடைவெளி ஏன் இருவர் கண்ணிலும் படவில்லை என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. ஒற்றைப்படைப் புலங்களுக்கான செக்ரேயின் தேற்றம் எல்லாம் கூம்பு வளைவே என்ற எதிர்பார்ப்பை ஏற்கெனவே விதைத்திருந்தது. 8 உறுப்புப் புலத்திற்கு முடிவுரையின் கூற்று உண்மையாகவும் இருந்தது. 2, 4, 8 உறுப்புகளுக்கு எல்லா ஹைப்பர் ஓவல்களும் ஒழுங்கானவையே. நிரல் தன் எல்லைக்குள் எதையும் விட்டுவைக்காமல் தேடியிருந்தது. ஒரு தேடல் முழுமையானது என்ற உணர்வு, அது எந்த எல்லைக்குள் முழுமையானது என்ற கேள்வியை எளிதில் மறைத்துவிடும். ஓருறுப்புக்கோவை என்பது நாம் புள்ளிகளை எழுதும் முறையைச் சார்ந்த பண்பு. ஒரு கோட்டில் மூன்று புள்ளிகள் இல்லை என்பது கணத்தின் பண்பு. முதலாவதில் தேடி இரண்டாவதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எடுத்த முடிவும் அதற்கான காரணங்களும்

மாணவி உடனடியாக ஒரு தீர்வை முன்வைத்தார்: முடிவுரையில் "ஓருறுப்புக்கோவையால் அமையும்" என்ற அடைமொழியைச் சேர்த்துவிட்டால் கூற்று சரியாகிவிடும், குறித்த நாளில் சமர்ப்பித்தும் விடலாம். மாணவரோ, அப்படியானால் 16 உறுப்புப் புலத்தின் உண்மை நிலை தெரியாமலேயே போய்விடும் என்றார். இருவர் சொன்னதிலும் பொருள் இருந்தது. அடைமொழியை உடனே சேர்ப்பதென்றும், அதோடு நிறுத்தாமல் 16 உறுப்புப் புலத்தில் மட்டும் இரண்டாவது தேடல் ஒன்றை நடத்துவதென்றும், அதற்காகச் சமர்ப்பிப்பைச் சிறிது தள்ளிவைக்க அவர்களுடைய ஆசிரியரிடம் அனுமதி கேட்பதென்றும் முடிவானது. அனுமதி கிடைத்தது.

இந்தத் தளத்தைப் பற்றிய விடை வழிகாட்டிக்கு முன்பே தெரியும். அதை அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. விடையைச் சொல்லிவிட்டால் மாணவர்கள் அதை மேற்கோளாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள், தங்கள் முறையில் எங்கே ஓட்டை என்பதைத் தாங்களே காணும் வாய்ப்புப் போய்விடும் என்பது அவர் எண்ணம். நான் அப்போது இதை ஏற்கத் தயங்கினேன்; காலம் குறைவாக இருந்தது. நடந்ததைப் பார்த்த பிறகு அவர் கருத்தையே ஏற்கிறேன்.

புதிய தேடலுக்கு அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். முதலாவது, புதிய நிரலுக்குப் பல்லுறுப்புக்கோவை என்ற கருத்தே தெரியக்கூடாது. பொதுநிலையில் உள்ள, அதாவது எந்த மூன்றும் ஒரே கோட்டில் இல்லாத, நான்கு புள்ளிகளை நிலைநிறுத்தி, அடுத்தடுத்த புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மூன்று ஒரு கோட்டில் விழுந்தால் பின்வாங்கி வேறு புள்ளியை முயல வேண்டும். அத்தகைய எந்த நான்கு புள்ளிகளையும் வீழ்ப்பு உருமாற்றத்தால் (கோடுகளைக் கோடுகளாகவே வைத்திருக்கும் தள மாற்றத்தால்) வேறு எந்த நான்கிற்கும் கொண்டுபோகலாம் என்பதால், இப்படி நிலைநிறுத்துவதால் எந்த வகையும் விடுபடாது. இரண்டாவது நிபந்தனை, நிரலை ஓட்டுமுன், அந்த நான்கு புள்ளிகள் வழியாகச் செல்லும் ஒழுங்கான ஹைப்பர் ஓவல்கள் எத்தனை என்பதைக் கையால் கணக்கிட்டு எழுதி வைக்க வேண்டும். நிரல் தரும் பட்டியலில் அந்த எண் பொருந்தாவிட்டால், மீதி எதையும் நம்பக்கூடாது.

கைக்கணக்கு அழகாக அமைந்தது. நான்கில் ஒன்று உட்கருவாக இருந்தால், மற்ற மூன்று புள்ளிகள் வழியாக அந்த உட்கருவுடன் ஒரே ஒரு கூம்பு வளைவுதான் செல்லும், இவ்வாறு 4. நான்கும் வளைவின் மீதே இருந்தால், அவற்றின் வழியாகச் செல்லும் சிதையாத (இரு கோடுகளாகப் பிரிந்துவிடாத) கூம்பு வளைவுகள், புலத்தின் உறுப்பு எண்ணிக்கையைவிட இரண்டு குறைவு. ஆக 8 உறுப்புப் புலத்தில் 4 + 6 = 10; 16 உறுப்புப் புலத்தில் 4 + 14 = 18.

தொடர்ந்து நடந்தவை

சிறிய தளத்திலிருந்து தொடங்கலாம் என்று 4 உறுப்புப் புலத்தில் நிரலை ஓட்டியபோது ஒரு முரண்பாடு எழுந்தது. கைக்கணக்கின்படி 4 + 2 = 6 வர வேண்டும்; நிரலோ ஒன்றே ஒன்றைத்தான் தந்தது.

"சார், ஆறு வரணும், ஒண்ணுதான் வருது. நிரல்ல எங்கேயோ பிழை இருக்கு," என்றார் மாணவர்.

"அந்த ஆறையும் புள்ளி புள்ளியா எழுதிப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க," என்றார் வழிகாட்டி.

எழுதிப் பார்த்தபோது ஆறும் ஒரே கணம் என்பது தெரிந்தது. 4 உறுப்புப் புலத்தில் கூம்பு வளைவுக்கு 5 புள்ளிகள், ஹைப்பர் ஓவலுக்கு 6 புள்ளிகள். அந்த ஆறில் எந்த ஒன்றை நீக்கினாலும் மீதி ஐந்தும் ஒரு கூம்பு வளைவே. எனவே ஆறு புள்ளிகளில் ஒவ்வொன்றும் உட்கருவாக இருக்க முடியும், கைக்கணக்கு ஒரே கணத்தை ஆறு முறை எண்ணியிருக்கிறது. பெரிய தளங்களில் இது நேராது என்பதை மாணவி அங்கேயே நிறுவினார்: இரண்டு வெவ்வேறு கூம்பு வளைவுகள் நான்கு புள்ளிகளுக்கு மேல் பகிர முடியாது, 8 உறுப்புப் புலத்தில் உட்கருவை மாற்றினால் பழைய வளைவும் புதிய வளைவும் 8 புள்ளிகளைப் பகிர வேண்டியிருக்கும், ஆகவே அங்கே உட்கரு ஒன்றே ஒன்றுதான். இந்தத் திட்டப்பணியில் செய்யப்பட்ட கணிதத்தில் இதையே நான் முதலிடத்தில் வைப்பேன். கணினி தந்த எண்ணும் கையால் வந்த எண்ணும் மோதிக்கொண்டபோது, அவர் எந்தப் பக்கத்தையும் உடனே குற்றம் சொல்லாமல் காரணத்தைத் தேடினார்.

8 உறுப்புப் புலத்தில் நிரல் சரியாகப் பத்துக் கணங்களைத் தந்தது, பத்தும் ஒழுங்கானவை. 16 உறுப்புப் புலத்தில், எதிர்பார்த்த 18 ஒழுங்கான ஹைப்பர் ஓவல்களும் பட்டியலில் இருந்தன. ஆனால் பட்டியல் அத்துடன் முடியவில்லை. வேறு ஹைப்பர் ஓவல்களும் அதில் நிறைய இருந்தன.

அவற்றில் ஒன்றை எடுத்து மூன்று வழிகளில் சோதித்தார்கள். அதன் 18 புள்ளிகளை இணைக்கும் வெட்டுக்கோடுகள் 153, தொடாத கோடுகள் 120. கூட்டினால் 273, தளத்தின் கோடுகள் முழுவதும். அடுத்து, 18 புள்ளிகளிலிருந்து ஐந்து புள்ளிகளை எடுக்கக்கூடிய 8568 வழிகளிலும், அந்த ஐந்தின் வழியே செல்லும் கூம்பு வளைவைக் கணக்கிட்டு, அது கணத்தின் 17 புள்ளிகளைக் கொண்டிருக்கிறதா என்று பார்த்தார்கள், ஒன்றுகூடக் கொண்டிருக்கவில்லை. கடைசியாக, இடைச்செருகல் முறையால், அதாவது புள்ளிகளிலிருந்தே கோவையைக் கணக்கிட்டு, அதன் பல்லுறுப்புக்கோவையை மீட்டார்கள். அதில் பல உறுப்புகள் இருந்தன, எல்லாம் இரட்டைப்படை அடுக்குகள். ஓருறுப்புத் தேடலுக்கு அது ஏன் அகப்படவில்லை என்பது கண்முன்னே தெரிந்தது.

அதன் பிறகே வழிகாட்டி வரலாற்றைச் சொன்னார். செக்ரே 1957இல், இரண்டின் அடுக்குகளை அடுக்காகக் கொண்ட ஓருறுப்புக்கோவைகளால், 32 உறுப்புகளிலும் 128 முதலான எல்லாப் பெரிய புலங்களிலும் ஒழுங்கற்ற ஹைப்பர் ஓவல்களை அமைத்தார். 16, 64 ஆகிய இரண்டும் அந்த முறைக்கு எட்டாமல் நின்றன. அடுத்த ஆண்டே, 1958இல், மிலானில் லுனெல்லியும் ஷேயும் கணினித் தேடல் மூலம் 16 உறுப்புப் புலத்தில் ஒழுங்கற்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு வெளியான ஒரு வடிவம்:

க¹² + க¹⁰ + வ¹¹க⁸ + க⁶ + வ²க⁴ + வ⁹க²

மாணவர்கள் இதைத் தங்கள் பட்டியலில் தேடி எடுத்துக் காட்டினார்கள். 16 உறுப்புப் புலத்தின் தளத்தில் ஒழுங்கானதும் இதுவுமாக இரண்டே வகைகள்தான் உண்டு என்பதை மார்ஷல் ஹால் 1975இல் கணினி கொண்டும், ஓ'கீஃப், பென்டிலா இருவரும் 1991இல் கணினியின்றியும் நிறுவினார்கள். 32 உறுப்புகளுக்கு ஆறு வகைகள் என்பது பென்டிலா, ராய்ல் இருவரும் 1994இல் செய்த வகைப்பாடு. வரைவறிக்கை மூன்று என்றது, அந்த மூன்றும் ஆறில் அடங்கும் ஓருறுப்பு வகைகள்.

விளைவு

திருத்திய அறிக்கை வரைவைவிடக் குறைவாகவே கூறியது, கூறியதை நிறுவியது. ஓருறுப்புத் தேடலின் முடிவு ஒரு பகுதியாகவும், வடிவியல் தேடல் இன்னொரு பகுதியாகவும், இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டின் விளக்கம் மூன்றாவதாகவும் அமைந்தன. பட்டியலில் உள்ள ஒழுங்கற்ற கணங்கள் அனைத்தும் ஒன்றுக்கொன்று சமானமானவை (தள உருமாற்றத்தால் ஒன்றை மற்றொன்றாக்கக் கூடியவை, அதாவது ஒரே வகை) என்பதை அவர்கள் தாங்களே சரிபார்க்கவில்லை. ஹாலின் முடிவைக் குறிப்பிட்டு, இது தங்கள் சொந்த முடிவன்று என்று தெளிவாக எழுதினார்கள். அறிக்கை ஏற்கப்பட்டது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

திட்டத்தைத் தொடங்கும் வரிசையை மாற்ற வேண்டும் என்பதில் வழிகாட்டியும் நானும் ஒத்துப்போகிறோம். 4, 8 உறுப்புத் தளங்களில் வடிவியல் தேடலை முதலில் செய்துவிட்டு, அதன் பிறகே பல்லுறுப்புக்கோவைகளுக்கு வர வேண்டும். அப்படிச் செய்தால், பல்லுறுப்புக்கோவை என்பது ஒரு கணத்தை எழுதும் வழி என்பதும், அதன் உறுப்பு எண்ணிக்கை நாம் தேர்ந்த ஆயங்களைப் பொறுத்து மாறும் என்பதும் தொடக்கத்திலேயே பதிந்துவிடும். ஒவ்வோர் அட்டவணையின் தலைப்பிலும் தேடல் எந்தக் கணத்திற்குள் நடந்தது என்பதை எழுதவும் வேண்டும்.

இன்னொரு குறை எஞ்சியிருந்தது. இரண்டு நிரல்களும் ஒரே பெருக்கல் அட்டவணையைப் பயன்படுத்தின. அந்த அட்டவணையில் பிழை இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே தவறியிருக்கும். தேடல் முறைகள் தனித்தனியாக இருந்தும் அவற்றின் அடித்தளம் ஒன்றாகவே இருந்தது. இதற்காக மாணவர் வ⁴ = வ³ + 1 என்ற விதியால் அமையும் இரண்டாவது அட்டவணையை எழுதி, 16 உறுப்புத் தேடலை மீண்டும் நடத்தினார். உறுப்புகளின் பெயர்கள் மாறும், புலம் அதே புலம்தான். கணங்களின் எண்ணிக்கை மாறவில்லை. இது அறிக்கை சமர்ப்பிக்கப்பட்ட பின் நடந்தது. அடுத்து வருவோர் தொடக்கத்திலேயே இதைச் செய்ய வேண்டும்.

மாணவி 64 உறுப்புப் புலத்திற்கான ஓருறுப்பு அட்டவணையையும் முடித்து வைத்திருக்கிறார். தேறியவை 2, 32, 62 என்ற மூன்று அடுக்குகள், மூன்றும் ஒழுங்கானவை. அட்டவணையின் தலைப்பில் "ஓருறுப்புக்கோவைகள் மட்டும்" என்றும், அடியில் அந்தத் தளத்தின் ஒழுங்கற்ற ஹைப்பர் ஓவல்களைப் பென்டிலாவும் பின்னேரியும் 1994இல் வெளியிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அங்கே 4161 புள்ளிகள் இருப்பதால், 16 உறுப்புகளில் செய்த எளிய பின்வாங்கல் தேடல் அப்படியே பயன்படாது. அறியப்பட்ட ஒழுங்கற்ற ஹைப்பர் ஓவல்களைச் சரிபார்க்கும் நிரலை மட்டும் முதலில் எழுதுவதென்று, தேர்வுக்குப் பிந்திய விடுமுறைக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள்.